பட்டம் இழுத்த வண்டி

லிங்கநகர்
மாசி, 1998

அத்தான்,

படம் கிடைத்தது. பெரிய பட்டம் இழுக்க, மூன்று சில்லு வண்டியில் நீங்கள் போயிருக்கும் அந்த நாட்டுக் கடற்கரையில் முதன்முதலாக ஓடினீர்களாம். பயத்தில் கைப்பிடியை விட்டதும் வண்டி நின்றுவிட்டதாம். நல்லது.

மகனிடம் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள். என் முந்திய இரண்டு கடிதங்களையும் நீங்கள் வாசிக்கவில்லை என்று விளங்கியது.

தைப்பொங்கலன்று துறைமுகக் கரையில் அவன், காற்றில் கூவுகிற விண் நார் பூட்டிய பட்டம் ஏற்றினான். அது கூவிய சத்தத்துக்கு ஆமிக்காரர் ஜீப்பில் வந்தார்கள். அவனும் பயத்தில் நூலை விட்டவன்தான். அவனை ஏற்றிய ஜீப் நிற்கவில்லை.

நீங்கள் சொன்னபடி படத்தை முகாம் வாசலுக்குக் கொண்டுபோனேன். காவலில் நின்றவன் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "அப்பிடியொரு பெடியன் இஞ்ச இல்லை, போங்கோ" என்று திருப்பித் தந்தான்.

படத்தை உங்களுக்கே அனுப்புகிறேன். இங்கே அதைப் பார்க்க ஆளில்லை.

உங்கள் மகனின் தாய்