அவருடைய பின்தலை

ஆடி வெள்ளி, இரவு.

பேத்தி மீனு போனில் கட்டைகளை அடுக்கி வீடு கட்டி விளையாடுகிறாள். அந்த வீட்டு வாசலில் வைக்க, போய்ச் சேர்ந்த தாத்தாவின் தலையை இன்று செய்தாள். சின்னச் சின்னக் கட்டங்களில் நிறம் பூசினால் முகம் வந்துவிடுகிறது.

“முன்பக்கம் போட்டோ பாத்து செஞ்சாச்சு ஆச்சி. பின்பக்கம் எங்ஙனெ இருக்கும்?”

என்னிடமா கேட்கிறாள்? கல்யாணமாகி வந்த நாள் முதல் ஆரியசாலைத் தெருவில் அவர் முன்னே நடப்பார், நான் பின்னே போவேன். வருகிறேனா என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வலப்பக்கம் சுழி, கழுத்தோரம் நரை, இடது காதுக்குப் பின்னால் முடி முளைக்காத தழும்பு என்று கட்டம் கட்டமாகச் சொன்னேன்.

“தாத்தாவ நல்லா சைட் அடிச்சிருக்க” என்று சிரித்தவள், “நீயே வை” என்று போனை நீட்டினாள்.

தொட்டேன். தலை என்னைப் பார்த்து உட்கார்ந்தது.

“என்னடி, இந்தப் பக்கம் திரும்பிட்டாரு?”

“வைக்கிற ஆளப் பாத்துதான் அது இருக்கும் ஆச்சி.”

கண் என்று இரண்டு கறுப்புக் கட்டங்கள்தான். மீனு போனைத் திருப்பிக் கேட்டாள்.

“பொறுடி. பாத்துக்கிட்டிருக்காரு.”