ஐவியின் அடக்கத்தில் ஒரு சிரிப்பு

1974 பிப்ரவரி 21, வியாழன்

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. என்னோடு மணியடித்த தோழி ஐவியின் அடக்கத்தன்று நான் சிரித்துவிட்டேனாம். மணியடிப்பவர்களின் தலைவன் கிளெமென்ட் ரட், மணிக்கோபுரத்துக் குறிப்புப் புத்தகத்தில் மையால் எழுதிவிட்டான்: ‘ஹெஸ்டர் டோலியின் நடத்தை அன்சீம்லி.’ இனி நான் கயிற்றைத் தொடக்கூடாது. ஈஸ்டருக்காவது விடுவானா என்றால், யோசிப்பானாம். முப்பத்தொரு வருஷமாக மூன்றாம் மணி என்னுடையது!

நடந்தது இதுதான். அடக்கத்துக்கு மணியின் நாக்கில் ஒரு பக்கம் தோல் கட்டுவோம். ஓர் அடி உரக்க, அடுத்தது எதிரொலி போல மங்கலாக. பெரிய மணிக்குக் கட்டியவன் கிளெமென்ட். பாதியில் தோல் நழுவி, மங்க வேண்டிய இடத்தில் டாங்கென்று ஒரு இடி. “உன் முடிச்சு கன்னுக்குட்டியக்கூட நிறுத்தாது கிளெம்” என்று பதினைந்து வருஷம் சொன்னவள் ஐவி. பெட்டிக்குள் படுத்துக்கொண்டே ஜெயித்துவிட்டாள். எனக்குப் பீறிட்டது. கோயில் முழுக்கக் கேட்டது.

பிப்ரவரி 22

‘அன்சீம்லி’யை அகராதியில் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவளுக்கு அதுதான் வாத்தியார். ‘இடத்துக்கும் நேரத்துக்கும் அடாத.’ சரி. ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று அதில் இல்லை. எட்டு வயதில் கல்லறைகளுக்கிடையே ஓடினேன், அன்சீம்லி. சலவைக்கூடத்தில் பாடினேன், அன்சீம்லி. கால்சட்டை போட்டு நானும் ஐவியும் சைக்கிளில் கடலுக்குப் போனோம், அதற்கும். குடித்துவிட்டு நாயை உதைப்பவனை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இந்தச் சொல் என்மேல் விழுந்தபோதெல்லாம் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

சமையலறையிலிருந்து கேட்டேன். ஆறில் நான்கு மணிதான். ஐவியின் இடமும் காலி, என் இடமும் காலி. நொண்டிக் குதிரை ஓடுவது போல ஓசை.

மன்னிப்பு கேட்கமாட்டேன்.

மார்ச் 19

ஐவியின் கணவர் பெர்சி வந்தார். அவள் போட்ட கடைசி பிளம் ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

“புண்பட்டுட்டீங்களா பெர்சி?”

“அட போ ஹெஸ்டர். அன்னைக்குப் பூரா எல்லாரும் எங்கிட்ட கிசுகிசுன்னே பேசுனாங்க. நீ சிரிச்சப்பதான் அவ அடுப்படியில இருக்கற மாதிரி இருந்துச்சு.”

அழுதேன். ரொட்டியில் ஜாம் தடவித் தின்றோம். இனிப்பு கொஞ்சம் அதிகம்தான், எப்போதும் போல. நன்றி ஐவி. நன்றி பெர்சி.

மார்ச் 28

பெர்சி நேற்று பயிற்சி நேரத்தில் கோபுரத்துக்கே போயிருக்கிறார். புத்தகத்தை வாங்கி, அந்த வரிக்குக் கீழே எழுதினாராம்: ‘அந்தச் சிரிப்புக்கு நன்றி. ஐவியின் கணவன்.’ பேனாவை மூடிவிட்டு வந்துவிட்டார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன்!

ஏப்ரல் 7, குருத்தோலை ஞாயிறு

கிளெமென்ட் வாசலில் நின்றான், தொப்பி கையில்.

“முடிச்சு என்னோடதுங்க. அன்னைக்கே மேல ஏறிப் பாத்துட்டேன். சொல்ல வாய் வரல. அந்த வரிய அடிச்சிடறேன்.”

“அடிக்காதே. நான் சிரிச்சது நிஜம். உன் முடிச்சையும் பக்கத்துல எழுது.”

சரி என்று தலையாட்டினான். பிறகு, “ஞாயித்துக்கிழமை வருவீங்களா? நீங்க இல்லாம காது கொடுத்துக் கேக்க முடியல.”

ஜாம் ரொட்டி கொடுத்தேன். ரெண்டு தின்றான்.

ஏப்ரல் 14, ஈஸ்டர்

அடித்தேன். தோள் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 15

புத்தகத்தில் முடிச்சைப் பற்றி எழுதிவிட்டான், தன் பெயர் போட்டு. நல்லவன். ஆகவே என் அடக்கத்துக்கு முறை வரும்போது செய்ய வேண்டியவை:

பாதிரியார் சுருக்கமாகப் பேச வேண்டும்.

பெர்சி இருந்தால் முன் வரிசையில் உட்கார வேண்டும். கறுப்புக் கோட்டு வேண்டாம்.

மூன்றாம் மணியை யார் அடித்தாலும் சிரிப்பு வந்தால் அடக்கக்கூடாது. அதை யாரும் எழுதிவைக்கவும் கூடாது.

பெரிய மணிக்குத் தோல் கட்ட வேண்டியது கிளெமென்ட். அவன்தான். வேறு யாரும் முடிச்சைச் சரிபார்க்கக்கூடாது.