நாற்பத்தொரு செக்கன்

உங்கள் ஹெட்போனின் காதுப் பஞ்சில் இன்னும் அத்தர் மணக்கிறது. புருஷனை இழந்து இத்தாவில் இருப்பவள் வாசனை பூசக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று தேநீர் கொண்டுவந்து வைத்த என் கூடப்பிறந்த ராத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். "என்னடி இது, அத்தரா பூசியிருக்க?" என்றார். நான் ஹெட்போனைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். அதன்பிறகு கோப்பை கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நீங்கள் மௌத்தாகி நான்காவது மாதமும் கழிந்துகொண்டிருக்கிறது. இன்னும் இருபத்தேழு நாள் இந்த வீட்டுக்குள் இருக்கவேண்டும். இத்தா கடமை, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு மூச்சு முட்டுகிறது. யன்னல் சீலைக்கு அப்பால் மீன்காரரின் ஹோர்ன் கேட்கிறது, களப்புக் காற்று வந்து போகிறது, நான் மட்டும் போகமுடியாது. நாள் முழுக்க உங்கள் கதிரை, உங்கள் மேசை, உங்கள் கொம்பியூட்டர்.

தொண்ணூறில், யுத்த நாட்களில், மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த முஸ்லிம் சனத்தின் பேச்சை ஊர் நூலகத்துக்காக நீங்கள் பதிந்துகொண்டு வந்தீர்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பதிவது உங்கள் பங்கு. வெட்டிச் சுத்தமாக்குவது என் பங்கு. மென்பொருளிடம் ஓர் எல்லையைச் சொல்லிவைப்பேன்: இதற்குக் கீழே உள்ள சத்தமெல்லாம் சத்தமே இல்லை, அது இரண்டு செக்கனுக்கு மேல் நீண்டால் காட்டு. அது தேடிப்பிடித்து வெற்றிடங்களை வரிசையாக அடையாளமிட்டுத் தரும். நான் ஒரே தட்டில் அழித்துவிடுவேன். ஒரு மணித்தியாலப் பேச்சு நாற்பது நிமிடமாகும். உங்கள் கேள்விகளையும் எடுத்துவிடுவேன். கேட்பவர்களுக்கு நீங்கள் எதற்கு?

அதற்காக நாம் பிடித்த சண்டை கொஞ்சமா? "அத வெட்டாத புள்ள. அந்த மனுசன் சும்மா இருக்கல்ல, நெனச்சிக்கிட்டு இருக்கார்" என்பீர்கள். "நெனக்கிறத யாரு கேக்கப்போறா?" என்பேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. ஒருமுறை, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்ன ஒரு பெண்ணின் பேச்சில், சாவிக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருந்ததை வெட்டிவிட்டேன். நீங்கள் போட்டுக் கேட்டீர்கள். கடையில் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் போல இருந்தது அவர் சொன்னது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை நீங்கள். அடுத்த பதிவுக்கு இடம் வேண்டுமே என்று மெமரி கார்டை அதற்குள் நான் துடைத்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தேன்.

கடைசிப் பதிவு மட்டும் வெட்டாமல் கிடந்தது. பள்ளிவாசல்துறையில் ஒரு படகுக்காரரிடம் நீங்கள் எடுத்தது; அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்று கூப்பிடுகிறீர்கள் அதில். அன்று பின்னேரம் களைத்துப்போய் வந்து வாசலில் நின்றீர்கள். "எத்தின மணித்தியாலம் பதிஞ்சு கெடக்கு?" என்று மட்டும்தான் கேட்டேன். மூன்றாம் நாள் முட்டு வருத்தம் கூடி, மூச்சு இழுக்க இழுக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உங்கள் மையித்துத்தான் திரும்பி வந்தது.

போன கிழமை அந்தப் பதிவைத் திறந்தேன். மென்பொருள் பதினான்கு வெற்றிடங்களைக் காட்டியது. நீளமானது நாற்பத்தொரு செக்கன். அழிக்க விரல் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது, அந்த இடத்தில் சத்தத்தைக் காட்டும் கோடு தட்டையாக இல்லை. சின்னச் சின்னதாக, ஒரே சீராக ஏறி இறங்கியது. சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கேட்டேன். விசில் மாதிரி இழுத்து இழுத்து ஒரு மூச்சு. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் கேட்ட மூச்சு எனக்குத் தெரியாதா?

அது முடிய அந்தக் காக்கா கேட்கிறார்: "தம்பி, முட்டுதா? நிப்பாட்டுவமா?" நீங்கள் சொல்கிறீர்கள்: "இல்ல காக்கா. நீங்க சொல்லுங்க."

அவர் அப்போது பழசை நினைத்துக்கொண்டிருக்கவில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதல் தடவை கண்ட மனிதர் கவனித்ததை நான் கவனிக்கவில்லை. பழைய கோப்புகளை எல்லாம் திறந்து தேடினேன். ஒன்றிலும் நீங்கள் இல்லை. அந்த வெற்றிடங்களில் எல்லாம் இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருப்பீர்கள், நான் வைத்த எல்லைக்குக் கீழே. நானே ஒவ்வொன்றாக அழித்திருக்கிறேன். நீங்களும் அந்தச் சனத்தோடு வந்தவர்தான். உங்கள் கதையை மட்டும் ஒருவரும் பதியவில்லை.

பதினான்கையும் இருந்தபடியே விட்டு நூலகத்துக்கு அனுப்பினேன். இன்று காலை அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளை போன் எடுத்தாள்.

"மாமி, நடுவுல நடுவுல ஒண்டுமே கேக்குதில்ல. வெட்ட மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல மகள். அதுல ஆள் இருக்கார்" என்றேன்.

இருபத்தேழு நாளில் இந்தக் கதவு திறக்கும். பள்ளிவாசல்துறைக்குப் போய் அந்தக் காக்காவைக் காணவேண்டும். அந்த நாற்பத்தொரு செக்கனில் இருந்து எப்படி வெளியே வருவது என்றுதான் தெரியவில்லை. தினமும் போட்டுக் கேட்கிறேன். 'நிப்பாட்டுவமா?' என்று அவர் கேட்டதும், நீங்கள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு சொல்லிப்பார்க்கிறேன்: "ஓம், நிப்பாட்டுவம் எண்டு சொல்லுங்க."