ரேடியோ பெயரில் ஓர் உதவித்தொகை

ஆகஸ்ட் 6, புதன்

கடையைத் திறந்ததும் முதல் வேலை, யாரோ ஒரு தாத்தா தெரியாமல் மேலே உட்கார்ந்து நசுக்கிவிட்ட மூக்குக்கண்ணாடி. சட்டத்தைச் சூடாக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தபோது வங்கிக்காரி போன் செய்தாள். எங்கள் வகுப்புத் தோழிகளுக்கு அவள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளாகவே ஆகிக்கொண்டாள்.

நாங்கள் படித்த பள்ளிக்கூடம் ஒப்புக்கொண்டுவிட்டதாம். ரேடியோ பெயரில் வருடத்துக்கு ஒரு மாணவிக்கு உதவித்தொகை.

ரேடியோ இறந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது. வாய் ஓயாதவள் என்று ஆறாம் வகுப்பில் நாங்கள் வைத்த பெயர் அது. அவள் நடத்திய கார் பயிற்சிப் பள்ளியின் பலகையில்கூட அதைத்தான் எழுதி வைத்திருந்தாள்.

"யாருக்குக் குடுப்பாங்களாம்?" என்று கேட்டேன்.

"வேற யாருக்கு? முதல் மார்க் வாங்கற பொண்ணுக்குத்தான்."

முதல் மார்க்கா? ரேடியோ பெயரிலா?

கையிலிருந்த சட்டம் உருகிவிட்டது. தாத்தாவுக்குப் புதிதாக ஒன்று மாட்டி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி

ரேடியோ பத்தாவதில் கணக்கில் தோற்றாள். திரும்ப வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறேன் என்று கேட்டாள், இதே பள்ளிக்கூடம் இடம் தரவில்லை. வீட்டிலிருந்து படித்து எழுதினாள். மறுபடி தோற்றாள். மறுபடி எழுதினாள். தேறிய அன்று தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "நான் பாஸ்" என்றாள். முன்பின் தெரியாத ஒருவர் பயந்துபோய் ஒதுங்கினார்.

பணம் சேர்க்க ஆரம்பித்தபோது நாங்கள் பேசிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: தோற்றுவிட்டு மறுபடி எழுத நினைக்கிற பெண்ணுக்கு இது போக வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். வங்கிக்காரியும்தான் ஆட்டினாள்.

ஆகஸ்ட் 13, புதன்

நானும் வங்கிக்காரியும் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனோம். அவர் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் ஒரு பலகை: ஆண்டுதோறும் நூறு சதவீதத் தேர்ச்சி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"எங்க ஸ்கூல்ல ஃபெயில்ங்கற பேச்சே கிடையாதும்மா. இல்லாத பொண்ணுக்கு எப்படிக் குடுக்கறது, நீங்களே சொல்லுங்க?"

வங்கிக்காரியும் சேர்ந்து சிரித்தாள். படியிறங்கும்போதுதான் எனக்குப் பதில் வாய்க்கு வந்தது. அப்போது வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? ரேடியோவாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பதிலடி கொடுத்திருப்பாள்.

ஆகஸ்ட் 14

இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் கடைக்கு வந்தாள். சின்ன வயது. கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறதாம். சரிசெய்துகொண்டிருந்தபோது, "அன்னிக்கு நீங்க மேடம் ரூம்ல பேசினது வெளில கேட்டுச்சு" என்றாள். அப்புறம் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஃபெயில் ஆகறவங்க இல்லாம இல்ல மேடம். ஆகிடுவாங்கன்னு தோணுச்சுன்னா ஒன்பதாவதுலயே அனுப்பிடுவோம். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, நீங்களாவே கூட்டிட்டுப் போயிடுங்க, அதுதான் மரியாதைன்னு சொல்லிடுவாங்க. இந்த வருஷம் போனதுல ஒருத்தி அடுத்த தெரு துணிக்கடைல நிக்கறா. என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறா."

நூறு சதவீதம்! தோற்கப்போகிறவளை வெளியே தள்ளிவிட்டு மிச்சமிருப்பவளை எண்ணினால் நூறுதான் வரும், வேறென்ன வரும்? இதை ஒரு பலகையில் எழுதி மாட்டிக்கொண்டு, அதன் கீழே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனசு வந்துச்சு அந்தம்மாவுக்கு? இவங்க கையிலயா ரேடியோவைக் குடுக்கறது? முடியாது. என் உயிர் இருக்கிற வரைக்கும் முடியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வங்கிக்காரியிடம் சொன்னேன். "எல்லா ஸ்கூலும் அப்படித்தான்டி, நீ என்ன புதுசாக் கண்டுபிடிச்சுட்ட? பெயர்க்கல் வெட்டக் குடுத்தாச்சு, பேசாம இரு" என்றாள். போனை நான்தான் முதலில் வைத்தேன். அந்த ஒரு திருப்தி.

ஆகஸ்ட் 30, சனி

ரேடியோவின் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். வங்கிக்காரி வேலை. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே தொங்கும் கண் பரிசோதனை எழுத்துப் பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"என் தங்கச்சி ஃபெயிலானதை ஊர் பூரா தண்டோரா போடணுமா? அவளைக் கட்டிக் குடுக்கறப்பவே நாங்க அதைச் சொல்லல. மாப்பிள்ளைக்கும் தெரியாது, அவ பொண்ணுக்கும் தெரியாது. செத்தவ மேல எதுக்கும்மா சேறு வாரி இறைக்கிற?"

சேறா? அவள் மூன்று முறை உட்கார்ந்து எழுதியது சேறா? "அண்ணே, அவ எதுக்கும் கூச்சப்பட்டதில்ல. நீங்கதான் அவளுக்கும் சேர்த்துக் கூச்சப்பட்டு அவ வாயை அடைச்சீங்க" என்றேன். எழுந்து போய்விட்டார். ஒரு லென்ஸைத் தவறாக வெட்டித் தொலைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எல்லார் மேலும் கோபப்பட்டாயிற்று. உன் மேல் எப்போது படுவது, ரேடியோ?

நீ போன அன்று காலை உன்னிடம் கார் பயிற்சிக்கு வந்த பெண் சொன்னாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஓரமா நிறுத்து, இண்டிகேட்டர் போடு, கைப்பிரேக்கைப் போடு" என்று வரிசையாகச் சொன்னாயாம். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லையாம். அதற்கு முந்தின நாள் என்னோடு போனில் அவ்வளவு நேரம் பேசினாயே. பக்கத்து வீட்டு நாய்வரை எல்லாம் பேசினாயே. நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலையா உனக்கு? ரேடியோவாம் ரேடியோ. நல்ல ரேடியோ.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரேடியோவின் மகள் வந்தாள். கல்லூரி விடுமுறை. மாமா வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்ததும் கேட்டாள்: "பெரியம்மா, அம்மா ஃபெயிலா?"

ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"போன வருஷம் எனக்கு ஒரு பேப்பர் போச்சு. செத்துடலாம்னு இருந்துச்சு. அம்மாகிட்ட மறைச்சு மறைச்சு எழுதி முடிச்சேன். ஒரு தடவை சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்ல? எல்லாரும் சேர்ந்து எதைக் காப்பாத்தினீங்க?"

எல்லாரும் என்பதில் நானும் உண்டு. தண்ணீர் கொடுத்தேன். முழுக்கக் குடித்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வங்கிக்காரி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினோம். ரேடியோவின் மகளையும் அழைத்துப் போனேன். அண்ணனும் வந்திருந்தார். நான் கத்துவதற்குத் தயாராகப் போயிருந்தேன், மகள் விடவில்லை.

"அம்மா ஃபெயிலானாங்க. அதுல எனக்கு வெக்கமில்ல. அம்மா மாதிரிப் பொண்ணுங்களை வெளில அனுப்பற ஸ்கூல்ல அம்மா பேர் இருக்க வேண்டாம்."

அவ்வளவுதான். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், போகும்போது அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

பாதிப்பேர் எங்களோடு வந்தார்கள். மீதிப்பேர் பள்ளிக்கூடத்துக்கே கொடுக்கிறார்களாம், வேறு பெயரில். கொடுக்கட்டும். வங்கிக்காரி எனக்கு மட்டும் காபி தரவில்லை. இனி முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். முப்பது வருடப் பழக்கம். வலிக்காமல் இல்லை. ஆனாலும் கோபம்தான் ஜாஸ்தி.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். சுவர் காரை உதிர்ந்திருக்கிறது, பலகை எதுவும் இல்லை. வெளியேற்றப்பட்ட பெண்களைப் பத்தாவதில் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். மகளும் நானும் துணிக்கடைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். முறைத்தாள். பேர் கேட்டால் முறைப்பு, படிக்கிறியா என்றால் முறைப்பு. நாங்களே அவளுக்கு முறைப்பு என்று பெயர் வைத்துவிட்டோம்.

கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "நீங்க ஏன் குடுக்கறீங்க? நான் ஒண்ணும் நல்லாப் படிக்கிற பொண்ணு இல்ல."

"அதனாலதான்" என்றாள் மகள்.

ஜனவரி 18

முறைப்பு தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். சனிக்கிழமைகளில் கணக்கு டீச்சர் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லித் தருகிறாளாம். நாங்கள் கேட்கவில்லை, அவளாகவே போகிறாள். யாரிடமும் சொல்லக் கூடாதாம். நான் எழுதத்தான் செய்கிறேன், சொல்லவில்லையே.

மே 27, புதன்

தேர்வு முடிவு. முறைப்பு கணக்கில் தேறிவிட்டாள். அறிவியலில் போய்விட்டது.

மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நானே வெளியே போனேன். இந்தத் தடவை முறைக்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே குடுக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

மகளுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மகள் சொன்னது எனக்கும் கேட்டது.

"போன வருஷம் வெளியில அனுப்பினாங்கன்னுதான் உனக்குக் குடுத்தோம். இப்ப நிஜமாவே ஃபெயிலாயிட்ட. இனி உன்னைவிடத் தகுதியானவ யாரு இருக்கா?"

முறைப்பு முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். பிறகு கோபமாகச் சொன்னாள்: "ரெண்டே ரெண்டு கேள்வி ஆன்ட்டி. தெரிஞ்ச கேள்வி. நேரம் பத்தல."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாளைக்கு அவளோடு மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கப் போக வேண்டும். கடையை மத்தியானம் திறந்தால் போதும்.