கிழிந்த கையுறை

திருச்சி
8.5.1961

அன்புள்ள ஆபிதாவுக்கு, ஸலாம்.

இன்னும் கொஞ்ச நாள் வையம்பட்டியில் உன் அம்மா வீட்டிலேயே இரு. இங்கே வெயில் தாங்கவில்லை.

போன வாரம் எங்கள் கால்நடை ஆய்வகத்துக்கு பரிசோதனைக்காக ஒரு வெறிநாயின் தலை வந்தது. மூளையை எடுக்கும்போது கத்தி நழுவி என் விரலைக் கீறிவிட்டது. கையுறை ஏற்கெனவே கிழிந்ததுதான். புதிது கேட்டதற்கு, "இதையே போட்டுக்குங்க, அடுத்த மாசம் வந்துடும்" என்றார் ஆய்வக டாக்டர்.

தினமும் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். பயப்படாதே.

இன்று என்னுடன் வேலை செய்யும் வீரராகவன் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, "என் கண் முன்னாடி குடிங்க பாய்" என்றார். வெறிநோய் வந்துவிட்டால் தண்ணீர் தொண்டையில் இறங்காது அல்லவா? முழுவதும் குடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

பிள்ளைக்கு என் முத்தத்தை நீயே கொடுத்துவிடு. நான் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

உன் கணவன்