வட்டத்துக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் அதேபோல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா, காலியாக் கிடக்கிற ஒரு இடத்துக்காகவா சேர்மனோட சண்டை போட்டே?" என்றாய். லைன் அறுந்துவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. அது காலியாகக் கிடக்கவில்லை கண்ணா, நாங்கள் காலியாக வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட பெரிய வட்டத்தை நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு வந்தது. வெள்ளத்தில் பாலம் போனதிலிருந்து ரத்தமும் அவசர மருந்தும் நகரத்திலிருந்து ட்ரோனில்தான் வருகின்றன. அது தரையில் இறங்காது, வட்டத்துக்கு மேலே வந்ததும் பெட்டியைக் காகிதக் குடையோடு கீழே விட்டுவிட்டுத் திரும்பிவிடும். உள்ளே ஆளோ ஆடோ சாமானோ இருப்பது கேமராவில் தெரிந்தால் போடாமலேயே போய்விடும், யார் தலையிலும் விழக் கூடாதல்லவா. ஆனால் சும்மா ஒரு இடத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குக் கை அரிக்கும். வேன் டிரைவர் வண்டியை நிறுத்துவார், சலவைக்காரர் போர்வை காயப்போடுவார், கேட்டால் அஞ்சு நிமிஷம் டீச்சர் என்பார்கள். ட்ரோன் ஒரு நாள் அந்தப் போர்வையையும் தூக்கிக்கொண்டு போகப்போகிறது, அப்போதுதான் புத்தி வரும் என்பார் உன் அப்பா.

சேர்மன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன்தான். நூற்றைந்து எழுதச் சொன்னால் பதினைந்து எழுதுவான். நடுவில் பூஜ்யம் எங்கேடா என்றால், அதுதான் ஒண்ணுமில்லையே டீச்சர் என்பான். இப்போது ட்ரோன் வந்து ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட நன்றித் தூண் கட்டுகிறேன் என்று, ஊரில் இவ்வளவு இடம் இருக்க, அந்த வட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து செங்கல்லை இறக்கினான். உச்சியில் ட்ரோன் பொம்மை, அடியில் அவன் பேர். சிரிக்காதே. நர்ஸ் அன்றைக்கே போய்ச் சொன்னாராம், பெட்டியை ஓரமாப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டான். மறுநாள் தையல்காரர் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. அவளைப் பார்ப்பதிலேயே எல்லோரும் இருந்ததில் செங்கல் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கேட்ட ரத்தத்தோடு ட்ரோன் வந்தது, செங்கல் குவியலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பிப் போயே போய்விட்டது. தையல்காரர் கையை ஆட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே வேலி வரைக்கும் ஓடினார், அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நான் ஒரு செங்கல்லை எடுத்து வெளியே எறிந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிறகு வேன் டிரைவர், சலவைக்காரர், மருந்து வாங்க வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள், நர்ஸ் மறுபடி அனுப்பச் சொன்னார், இரண்டாம் தடவை பெட்டி விழுந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் சேர்மன் வீட்டுக்கே வந்துவிட்டான். நான் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் போலீஸில் புகாராம். மறுபடியும் கல்லை இறக்கத்தான் போகிறேன், விழா ஒரே நாள்தானே, அப்புறம் தூணை ஓரமா மாத்திடலாம், கொஞ்சம் விட்டுக்கொடுங்க டீச்சர் என்றான். "அந்த ஒரு நாள் ஊர்ல யாருக்கும் ரத்தம் போகாதுன்னு நீ பொறுப்பேத்துக்கோ, நானே வந்து ரிப்பன் வெட்டறேன்" என்றேன். உன் அப்பா உள்ளேயிருந்தே "நூத்தஞ்சுடா" என்று குரல் கொடுத்தார். பாவம், கொடுத்த காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். வட்டத்துக்குள் உட்கார்ந்து மறியல் பண்ணலாம் என்று தையல்காரர் சொன்னார், அப்புறம் நாமே செங்கல் ஆகிவிடுவோமே என்றேன். அதனால் அதே செங்கற்களை வட்டத்துக்கு வெளியே அடுக்கி, அதன்மேல் முறைபோட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம். இப்போது யாராவது வண்டியை அந்தப் பக்கம் திருப்பினால் முதலில் கத்துவது வேன் டிரைவர்தான். உன் தங்கைக்கு எட்டாம் மாதம். முதல் பிரசவத்தில் அவள் பட்டது உனக்குத் தெரியும், அதனால்தான் அவளை நகரத்துக்கு அனுப்பு, நீங்களும் என்னிடம் வந்துவிடுங்கள் என்கிறாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, எனக்கும் அதே பயம்தான். ஆனால் படகிலும் வண்டியிலும் குலுங்கிப் போவதைவிட இங்கேயே இருப்பது மேல் என்கிறார் நர்ஸ், வட்டம் காலியாக இருந்தால். உன் தங்கையிடம் கேட்டேன். "நான் போயிடலாம்மா, அடுத்த வீட்டுக்காரி எங்கே போவா?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளும் சாயங்காலம் வந்து செங்கல்மேல் உட்காருகிறாள், வயிற்றைப் பார்த்துவிட்டு எல்லோரும் வழி விட்டு ஒதுங்கிப் போகிறார்கள். நாங்கள் வரவில்லை கண்ணா, வருத்தப்படாதே.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். போனில் இருமினாயே, அதைச் சும்மா விடாதே, டாக்டரிடம் காட்டு. அந்தக் கேள்விக்கு மிச்சப் பதிலை உன் வீட்டிலேயே தெரிந்துகொள்: சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு அளவு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒரு வாரம் அதற்குள் சாவியோ போனோ யாரும் எதையும் வைக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா