கழுத்துத் தாள் இல்லாத போத்தல்கள்

செவ்வாய், மார்ச் 4
காலையில் உறைபனி. பிறகு நல்ல வெயில்.

நிலவறையில் என் வேலை போனதால் எனக்குக் கோபமாம். மகள் ரஞ்சி தொலைபேசியில் எல்லாருக்கும் சொல்கிறாள். தவறு. செக்ட் என்னும் ஜெர்மன் நுரைவைன் போத்தல்களின் கழுத்தில் நான் பளபளப்புத் தாள் சுற்றுவதை இந்த வருடம் நிறுத்தியவர் தோட்டத்தின் சொந்தக்காரரான மருமகன் மத்தியாஸ். வீண் குப்பை என்றார். சரி என்றேன். ஒரே புகார்: தாள் இல்லாவிட்டால் தக்கைக்கு மேலுள்ள கம்பிக்கூட்டின் கோணல் வெளியே தெரியும். அதற்குப் பெயர் கோபம் அல்ல.

களைகொல்லியும் நிறுத்தம். திராட்சை வரிசைகளில் இப்போது செம்மறிகள் மேய்கின்றன. ஒன்று என் காலுறையைத் தின்றுவிட்டது.

விபூதிப் புதன்
பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடு நிலவறைக்கு. கம்பி முறுக்குகளை எல்லாம் ஒரே பக்கம் மடித்தேன்.

"மாமி, ஒருத்தரும் பாக்க மாட்டினம்." மத்தியாஸ். ரஞ்சி பழக்கிய தமிழ்.

"நான் பாக்கிறன்."

சிரித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவரும் மடித்தார். தங்கமான பிள்ளை. சப்பாத்து மட்டும் எப்போதும் சேறு.

வெள்ளி
தம்பி பீற்றர் கெல்சென்கிர்ச்சன் நகரத்திலிருந்து வந்தான். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு அவன் மகளுக்குக் கலியாணம். அதற்கென்று நாங்கள் அனுப்பிய செக்ட் பெட்டிகளைக் காரில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான்!

"அக்கா, ஆரோ திறந்து குடிச்சிட்டு மூடின மாதிரிக் கிடக்கு. சம்பந்தி வீட்டார் எச்சில் போத்தலோ எண்டு கேப்பினம்."

"தக்கையும் கம்பியும் அப்பிடியே இருக்கு. உனக்குக் கண் இல்லையோ?"

"எனக்கு விளங்குது. சனத்துக்கு?"

மத்தியாஸ் மிச்சமிருந்த தாள்களை எடுத்துவந்தார். குடும்பத்துக்காக இந்த ஒருமுறை சுற்றலாம் என்றார். முகம் வாடிப்போயிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரரின் கேலியை எல்லாம் பொறுத்தவர், சொந்தக்காரர் கலியாணத்தில் போய் ஒளிப்பதா? தாள்களை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ரஞ்சி: "அம்மா! நீங்களோ இது?"

தவக்காலம், மீன்குழம்பு. பீற்றர் மூன்று தரம் சோறு வாங்கினான். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி "ஓம் அக்கா, ஓம் அக்கா". பெட்டிகளை ஏற்றாமலே போய்விட்டான்.

சனி
மழை. முழங்கால் வலி. என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு சொல்லில் முடித்திருப்பார். பீற்றருக்கு அத்தான் என்றால் பயம். எனக்கு எழுதத்தான் வரும். இன்று தபாலில் போட்டதன் பிரதி:

"பீற்றர், போத்தல்கள் தாள் இல்லாமல்தான் வரும். மண்டபத்தில் ஒவ்வொரு மேசைக்கும் நானே கொண்டுபோய் வைப்பேன். கேட்கிறவர்களுக்கு நானே பதில் சொல்வேன். வேண்டுமா, வேண்டாமா? தொலைபேசி வேண்டாம், அதில் நீ எல்லாருக்கும் ஓம் சொல்வாய். எழுத்தில் பதில் போடு."